தண்ணீர் போகிற பக்கம்

பவுனம்மாளுக்கு உயரம் என்றால் பயம். ஐம்பத்தொரு வயது வரைக்கும் இது அவளுக்கே தெரியாது. பாகூர் ஏரிக்குக் கீழே பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டு, அங்கேயே காலம் தள்ளுகிறவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் ஏறிப் பார்க்க என்னதான் இருக்கிறது? ஏரிக்கரை இருக்கிறது, அதில் கன்றுக்குட்டி கூட ஏறி மேயும். தண்ணீர் டேங்க் இருக்கிறது, அதில் ஏறச் சொல்லி அவளை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததில்லை.

மற்றபடி அவள் பயந்த பொம்பளை இல்லை. அவள் புருஷன் சாமிநாதன் இருபது வருஷம் அந்த ஏரிப் பாசனத்தில் தண்ணீர் கட்டினவர். மடையில் பலகையைத் தூக்கி வாய்க்காலில் தண்ணீர் விடுவது, இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்று கரையை வெட்டித் திருப்புவது, திருட்டுத்தனமாக யாராவது வெட்டியிருந்தால் போய் அடைப்பது, இதுதான் வேலை. அவர் மாரடைப்பில் போன மறுமாசமே பவுனம்மாள் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடைக்குப் போய்விட்டாள். “பொம்பள தொறந்து வுட்டா தண்ணி வயலுக்கு ஏறுமா?” என்று ஒரு பெரிய விவசாயி கேட்டார். “தண்ணிக்கு ஆம்பள பொம்பளயா தெரியும்? பள்ளம்தான் தெரியும்” என்றாள் இவள். பன்னிரண்டு வருஷமாக அவருடைய வயலுக்கும் இவள்தான் தண்ணீர் கட்டுகிறாள்.

வாய்க்காலோடு வாய்க்காலாக நடந்து நடந்து அவளுக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. எங்கே வழி தவறினாலும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், அது மனுஷர் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் விடும். அவள் கண்ட தண்ணீரெல்லாம் அப்படித்தான் இருந்தது. மடையில் புறப்பட்டால் வயலுக்கு, வயலில் வடிந்தால் ஊர்க்கோடிக்கு. வேறு மாதிரித் தண்ணீரை அவள் பார்த்ததில்லை.

பெஞ்சல் புயல் வந்த வருஷம் அந்த நம்பிக்கைதான் பத்துப் பன்னிரண்டு உயிரைக் காப்பாற்றியது. ஆற்று வெள்ளம் விடியற்காலையில் ஊருக்குள் ஏறிவிட்டது. எது ரோடு, எது வயல், எது கிணறு என்று தெரியவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பவுனம்மாள் காலால் தடவித் தடவி வாய்க்கால் கரையைக் கண்டுபிடித்தாள். கெட்டியான மண் காலுக்குத் தட்டுப்பட்டதும், “என் பின்னாலயே வாங்க, பக்கத்துல கால வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்த வரிசையாக அத்தனை பேரையும் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அதோடு நிற்கவில்லை. கால் விளங்காமல் வீட்டுப் பரணில் கிடந்த பலராமனுக்காக மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள். அவரை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பலராமன் என்பவர் சாமிநாதனுக்கு அண்ணன். அவர் பெண்சாதி மணியம்மாள், பவுனம்மாளுக்கு ஓரகத்தி. இரண்டு பேருக்கும் ஒரு குட்டிச்சுவர் விஷயமாக ஆறு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே தெரு, ஒட்டிய வீடு, ஆனால் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெள்ளம் வடிந்த அன்று மணியம்மாள் தானாக வந்து, “பவுனு, சோறு ஆக்கிக்கீறேன், வா” என்றாள். அவ்வளவுதான், ஆறு வருஷம் தண்ணீரோடு போய்விட்டது.

அதற்கப்புறம் வந்தது அந்த மலைப் பயணம்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். வெள்ளத்தில் பயிர் போன வருஷம், அறுப்பு வேலையும் இல்லை. மகளிர் குழுத் தலைவி தனக்கொடி ஒரு வேன் பேசி, மேற்கே நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற கல்லாத்தா மலை உச்சிக் கோயிலுக்குப் போகலாம் என்று ஆள் சேர்த்தாள். மணியம்மாள்தான் முதலில் பேர் கொடுத்தாள். அவளுக்கு அங்கே ஒரு வேண்டுதல் இருந்தது. வெள்ளத்தன்று ஏரிக்கரையில் நின்றபடி வேண்டிக்கொண்டாளாம். என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்லமாட்டாள். ஒரு மஞ்சள் துணியில் எதையோ முடிந்து, கோணி ஊசியால் தைத்து, இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். புருஷன் உயிரோடு வந்ததற்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வேறு என்ன இருக்கப்போகிறது?

மணியம்மாளுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிற சர்க்கரை. வேன் ஏறும்போது பவுனம்மாள் கேட்டாள்.

“ஊசி போட்டியாக்கா?”

“போடாம வருவனா.”

செஞ்சி தாண்டி வண்டியை நிறுத்தி எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது மணியம்மாள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அக்கா, ஊசி போட்டுட்டு சாப்புடாம கெடக்காத. சர்க்கர லோ ஆயிடும்னு நர்ஸ் எத்தினி வாட்டி சொல்லிக்கீறாங்க.”

“சாமி பாக்குற வரைக்கும் பச்சத்தண்ணிதான். ஒரு வேளைக்கு ஒண்ணும் ஆவாது, உன் வேலையப் பாருடி.”

அங்கேதான் தப்பு. வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் நம் சனத்துக்கு அதற்கு மேல் பேச வாய் வராது. பவுனம்மாளுக்கும் வரவில்லை. வற்புறுத்தி ஒரு இட்லியாவது ஊட்டியிருக்கலாம். சும்மா இருந்துவிட்டாள்.

மலை அடிவாரத்தில் கொஞ்ச தூரம் படிக்கட்டு. அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. அந்த மலையில் வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ கனிமம் வெட்டியிருக்கிறார்கள். கம்பெனி எப்போதோ போய்விட்டது, சாமான்கள் மட்டும் கிடக்கின்றன. பாதை ஓரத்தில் இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நின்றன. முன்பு அதில் கம்பிக் கயிறு கட்டி, தொட்டி தொட்டியாகக் கல்லை அடிவாரத்துக்கு அனுப்புவார்களாம். ஒரு கோபுரத்தில் இன்னும் ஒரு தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் அது கிரீச்சிட்டது. மற்றவர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பனி விலக விலகத் தூரத்து மலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. “இன்னா அழகுடி!” என்று தனக்கொடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். உண்மையில் அழகுதான், குறை சொல்ல முடியாது.

பவுனம்மாள் பார்த்தது அழகை இல்லை. ஒரு திருப்பத்தில் பாதை பாறையை ஒட்டி இரண்டடி அகலத்துக்குச் சுருங்கியது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் ஒன்றும் இல்லை. கீழே மரங்களின் தலை தெரிந்தது, அதற்கும் கீழே வேன் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பாம்பு நெளிகிற வரப்பில் இருட்டில் நடந்தவள், இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, கண்ணை மூடி, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டே அந்த முப்பதடியைக் கடந்தாள். பின்னால் வந்த மணியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வெள்ளத்துல எறங்குன வீராதி வீரியாடி நீ?”

“சும்மா இருக்கா. திரும்பி வரச்ச இந்த வழி வேணாம், சொல்லிட்டேன்.”

பாதி மலையில் கம்பெனியின் பழைய செங்கல் புகைபோக்கி நிற்கிறது. அங்கே வந்ததும் மணியம்மாளுக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சோற்று மூட்டை, பழம், பிஸ்கட் எல்லாம் வேகமாக ஏறிய முதல் கூட்டத்தோடு மேலே போய்விட்டது. தனக்கொடியிடம் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

“நீங்க ரெண்டு பேரும் மெதுவா கீழ எறங்குங்க. வேன்ல இட்லி மீந்துக்கீது, டிரைவர் பாக்யராஜ் இருக்காரு. அந்த முடிச்ச குடுங்கக்கா, நான் சாமிகிட்ட வெச்சிடறேன்” என்றாள் தனக்கொடி.

“இது என் கையாலதான் வெக்கணும். அடுத்த வருஷம் வரேன்.” மணியம்மாள் முடிச்சை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

ஆக, இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள். கீழே ஒரு மணி நேர வழி. மணியம்மாள் வயிற்றில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் ஊசி மருந்து ஓடுகிறது. அது பவுனம்மாளுக்கும் தெரியும். சீக்கிரம் இறங்கவேண்டும், வாயில் எதையாவது போடவேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

புகைபோக்கியைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் அவர்கள் வந்த வழி, அந்தப் பாறை ஓரம். வலது பக்கம் ஓர் ஓடை மர நிழலில் சலசலவென்று இறங்கிப்போனது. கரையில் ஆள் நடந்த தடம் மாதிரி ஒன்று தெரிந்தது. தண்ணீர் சத்தத்தைக் கேட்டதுமே பவுனம்மாளுக்குப் பாதி உயிர் திரும்பியது.

“அக்கா, இப்பிடிப் போலாம். தண்ணி கீழதான போவுது? அடிவாரத்துக்கு நேரா போயிடும்.”

“வந்த வழி இது இல்லியேடி.”

“வெள்ளத்துல உன்ன வந்த வழியாவா கூட்டியாந்தேன்?”

மணியம்மாள் பவுனம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், அன்று பிடித்த மாதிரியே.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தடம் மெலிந்தது. உண்ணிச்செடி இரண்டு பக்கமும் நெருக்கியது. ஓடை ஓரமாகக் கூரை பாதி இடிந்த ஒரு செங்கல் கட்டிடம் நின்றது. ஆலம் வேர் சுவரைப் பிளந்து உள்ளே இறங்கியிருந்தது. வாசல் கருப்பாகத் திறந்து கிடந்தது. உள்ளிருந்து வாடை அடித்தது. ஆடு மேய்க்கிறவர்களின் குரலோ, மேலே போனவர்களின் சிரிப்போ, ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

இவ்வளவு சத்தம் போடுகிற வாய்க்காலை அவள் கண்டதில்லை. அப்போதே மனசு எச்சரித்தது. ஆனால் கால் பழக்கம் விடுமா? தண்ணீர் போகிறது, பின்னால் போனாள்.

ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினாள், அங்கே ஓடை முடிந்துவிட்டது. முன்னால் வானம்தான் இருந்தது. தண்ணீர் பாறை விளிம்பு வரைக்கும் போய், அப்படியே காணாமல் போனது. அது போய் விழுகிற சத்தம் எங்கோ கீழே, ரொம்பக் கீழே கேட்டது. அவள் காலுக்கும் விளிம்புக்கும் நடுவில் நாலு முழம் கூட இல்லை. பாசி படிந்த பாறை.

தடாலென்று உட்கார்ந்து, பின்னால் வந்த மணியம்மாளின் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கால் நடுங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் மணியம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. ஜனவரிக் குளிரில் ரவிக்கை நனைந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது.

“அக்கா. அக்கா, என்னப் பாரு.”

“மாட்ட கட்டிட்டியா?” என்றாள் மணியம்மாள். அவர்கள் வீட்டில் மாடு இருந்து எட்டு வருஷம் ஆகிறது.

பவுனம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இது லோ. இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அந்த நர்ஸம்மா சொல்லியிருந்தார்கள். உளறல் வரும், அப்புறம் மயக்கம் வரும், அப்புறம் வாயில் எதையும் ஊற்ற முடியாது. செல்லை எடுத்துப் பார்த்தாள். டவர் ஒரு கோடு கூட இல்லை. “யாராச்சும் இருக்கீங்களா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். எதிர் மலை அதையே திருப்பிச் சொன்னது, வேறு பதில் இல்லை.

நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் கொண்டுவந்தேன் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்து அழ நேரம் இல்லை. விளிம்பில் இருந்து ஓரகத்தியைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். இரண்டடி, உட்கார். இன்னும் இரண்டடி, உட்கார். கண்ட பெயரெல்லாம் சொல்லி அவளைக் கூப்பிட்டாள், திட்டினாள், கெஞ்சினாள். அந்தச் செங்கல் கட்டிடம் வருவதற்குள் மணியம்மாளின் கால் துவண்டுவிட்டது. கருப்பு வாசலுக்குள் அவளை இழுத்துப் போட்டதும் தலைக்கு மேல் படபடவென்று என்னென்னவோ பறந்தன. வௌவால்தான். பவுனம்மாள் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, “போ, போ, சனியனே!” என்று கத்தினாள். வேறு நேரமாக இருந்தால் அந்த வாசலில் கால் வைத்திருக்கவே மாட்டாள்.

மணியம்மாளின் பையைக் கவிழ்த்தாள். கற்பூரம், ஊதுவத்தி, ஒரு துண்டு, மாத்திரை அட்டை. தன் மடியைத் தடவினாள். வெற்றிலை, பாக்கு. சர்க்கரை என்று சொல்ல ஒரு மிட்டாய்த் தாள் கூட இல்லை. இவளை இப்படியே விட்டுவிட்டு மேலே ஓடலாமா? ஓடி, ஆளைக் கூட்டிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் இவள் இருப்பாளா?

அப்போதுதான் கண் அந்த மஞ்சள் முடிச்சில் விழுந்தது. சாமிக்கு முடிகிறவர்கள் காசு முடிவார்கள். இது காசு இல்லை, உப்பலாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. முகர்ந்தாள். வெல்லம்.

பல்லால் தையலைப் பிரிக்கப் போனபோது, அதுவரை துவண்டு கிடந்த மணியம்மாளின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“தொடாதடி.”

“அக்கா, உசுரு போயிடும்.”

“சாமிக்கு முடிஞ்சது. தொடாத... உனக்கு ஆவாது.”

“எனக்கு இன்னா ஆவறது? உங்க வூட்டுக்காரருக்குதான முடிஞ்ச. அவுரு கல்லு மாதிரி வூட்ல ஒக்காந்துக்கீறாரு.”

மணியம்மாள் தலையை ஆட்டினாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. ஆனாலும் விட்டு விட்டுச் சொன்னாள். “அவருக்கு இல்லடி. உனக்கு. நீ மறுக்கா தண்ணில எறங்குனியே... அவரு போனாலும் போவட்டும், இவள திருப்பிக் குடுத்துடுன்னு... உன் பேர சொல்லி முடிஞ்சேன். படைக்காம தின்னா உன் தலையிலதான் வுடியும்.”

பவுனம்மாள் முடிச்சை வாயிலிருந்து இறக்கினாள்.

அவள் பயப்படாத விஷயங்களைச் சொன்னேன் அல்லவா, அதில் சாமியைச் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். சாமி குத்தம் என்றால் அவளுக்கு நிஜமாகவே பயம். வேண்டுதலைச் செலுத்தாமல் விட்டவர்களுக்குக் கை கால் விழுந்த கதை ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். இப்போது கையில் இருப்பது தன் உயிருக்குப் பிணையாகக் கட்டிய வெல்லம். இதை அவிழ்த்தால் தான் போகலாம். அவிழ்க்காவிட்டால் இவள் போவாள். வெளியே தண்ணீர் இரைந்தது. மணியம்மாளின் பிடி தளர்ந்து, கை பொத்தென்று கீழே விழுந்தது.

“என் பேருக்குத்தான முடிஞ்ச?” என்று பவுனம்மாள் சத்தம் போட்டாள். “அப்ப வர்றது என் தலையோட போவட்டும். கல்லாத்தா, கேட்டுக்கோ!”

தையலைப் பல்லால் கிழித்தாள். ஒன்பது அச்சு வெல்லம். ஒன்றை எடுத்துச் செங்கல்லில் நசுக்கி, மணியம்மாளின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, கன்னத்தின் உட்புறம் அப்பினாள். “முழுங்குடி” என்றாள். அக்கா என்று கூப்பிட்ட வாய், ‘டி’ போட்டது. “முழுங்குடி, நல்லா இருப்ப, முழுங்கு.” தொண்டை அசைந்தது. இரண்டாவது கட்டி. ஓடைத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து உதட்டை ஈரமாக்கினாள். மூன்றாவது, நாலாவது. அப்புறம் காத்திருந்தாள்.

அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, அதைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் பவுனம்மாள் பேசமாட்டாள். ஓரகத்தியின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை கூரையிலிருந்து மண் உதிர்ந்தபோதும், இதோ தனக்கு வந்துவிட்டது என்று நினைத்தாள். செத்தால் இவள் கண் திறந்த பிறகு சாகவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

“தண்ணி குடு” என்றாள் மணியம்மாள். கண் தெளிந்திருந்தது. “இது இன்னாடி எடம்? பேய் வூடு மாதிரி.”

பவுனம்மாள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவள் வாயில் இன்னும் இரண்டு கட்டியைத் திணித்தாள்.

உயிர் வந்துவிட்டது, வழி வரவில்லை. இறங்கின சரிவைத் திரும்ப ஏற மணியம்மாளால் ஆகாது. பவுனம்மாள் கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம் ஓடையிலிருந்து ஒரு கல் வாய்க்கால் பிரிந்து வந்தது. இலைச் சருகு மூடிக் கிடந்தாலும், அது மனுஷன் கட்டின வாய்க்கால் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதன் வாயில் இரண்டு பக்கக் கல்லிலும் நேர்க்கோடாகப் பள்ளம் செதுக்கியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். பலகை இறக்குகிற காடி! இவள் தினமும் பாகூரில் ஏற்றி இறக்குகிற அதே அளவு. அந்தக் காலத்தில் வெட்டின கல்லை இங்கே கழுவியிருப்பார்கள், அதற்குத் தண்ணீர் திருப்பியிருப்பார்கள்.

பலகை இருந்தால் அதைத் தூக்க ஓர் ஆள் வந்திருக்கவேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தோளில் பலகையோடு வருகிறவன் பாறை விளிம்பில் தொங்கிக்கொண்டா வருவான்? அவனுக்கு நல்ல வழி ஒன்று இருந்தே ஆகவேண்டும். தண்ணீரைப் பார்க்காதே, தண்ணீர் கட்டுகிறவன் எப்படி வந்தான் என்று பார். அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒரு கழியால் உண்ணிச்செடியை அடித்து விலக்கினாள். மூன்றாவது இடத்தில் கழி கல்லில் பட்டு டங்கென்றது. படி. அதன் கீழே இன்னொரு படி.

பாசி பிடித்த படிகள். சில இடத்தில் படியே இல்லை, உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. பவுனம்மாள் கண்ணை மூடவில்லை. மூடினால் பின்னால் வருகிறவளை யார் பிடிப்பது? பயம் அப்படியேதான் இருந்தது, ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தபடியே இறங்கினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து, கடைசி இரும்புக் கோபுரத்தின் காலடியில் தார் ரோடு தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் வேன் நின்றது. டிரைவர் பாக்யராஜ் சீட்டை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இவர்களைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். சேலை கிழிந்து, முழங்கை சிராய்த்து, தலையெல்லாம் சருகு. “இன்னாம்மா ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார், எதிர்க் கடைக்கு ஓடிச் சர்க்கரை தூக்கலாக டீ வாங்கி வந்தார். மணியம்மாள் நாலு இட்லி தின்றாள். பவுனம்மாள் ஒன்றையும் தொடவில்லை. மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் மஞ்சள் துணி இருந்தது. அதில் இன்னும் வெல்லம் இருந்தது.

திடீரென்று எழுந்தாள்.

“எங்கடி?”

“மூணு மிச்சம் கீது. இதையாச்சும் மேல போயி வெச்சிட்டு வந்துடறேன்க்கா. நீ இங்கயே இரு.”

“அந்தப் பாறை வழியாவா?”

“ஆமா.” அவள் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். “உடனே போனா ஆத்தா மன்னிச்சாலும் மன்னிப்பா. இல்லன்னா... எனக்கு இன்னா வரும்னு தெரியலியேக்கா. பயமா இருக்குதுக்கா.”

அவள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள். மணியம்மாள் டீயைக் கீழே வைத்தாள். எழுந்து தள்ளாடி நடந்துபோய், அவள் கையிலிருந்து மஞ்சள் துணியைப் பிடுங்கினாள். ஒரு வெல்லத்தை எடுத்தாள். பவுனம்மாள் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அதை அவள் வாயில் போட்டுவிட்டாள்.

பவுனம்மாளுக்குத் துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. வாயைத் திறக்காமலே கண்ணீர் வழிய நின்றாள்.

“முடிஞ்சது நானு, அவுத்தது நீயி. தின்னது ரெண்டு பேரும். சாமிக்குக் கோவம் வந்தா ரெண்டு பேருகிட்டயும் சேந்து வரட்டும்” என்றாள் மணியம்மாள். “ஒண்டியா தலைய நீட்டிக்கினு நிக்கறதுக்கா உன்ன நான் கேட்டு வாங்குனேன்?”

மணியம்மாள் பவுனம்மாளின் தாடையைப் பிடித்தாள்.

“முழுங்குடி” என்றாள்.